சேர்மன் பெயருக்கு விட்ட இடம்

1. மேஜைக்கு வந்த சேர்மன்

"அந்தக் கல்லைப் பிடுங்கிடணும்மா. இன்னிக்கே."

சேர்மன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னபோது எனக்கு எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. சேர்மன்கள் எங்கள் செக்ஷன் பக்கம் வருவதில்லை. வந்தாலும் நேரே இன்ஜினியர் அறைக்குப் போவார்கள். நானோ டெம்பரரி டிரேசர். ஆனால் அவர் சொன்ன கல் நான் வரைந்த கல். ரயில்வே கேட் முனையில் அதை நட்டு நான்கு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஓர் உள்ளூராட்சி ஆபீஸ். எது என்று சொல்லப் போவதில்லை. சேர்மன் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நல்ல மனிதர்கள்.

டிரேசர் என்றால் என்ன என்று இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மசியில் கோடு பிசகாமல் அப்படியே எடுக்க வேண்டும். அதிலிருந்துதான் புளூபிரிண்ட் வரும். படத்தின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், டிரேஸ் செய்தவர், சரிபார்த்தவர். என் பெயர் எஸ்தர்; நடு வரியில் மட்டும் என் இனிஷியல் இருக்கும். சாக்கடை, கக்கூஸ், தெருவிளக்குக் கம்பம் என்று மூன்று வருடம் அடுத்தவர் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. மறைப்பானேன்.

முதல் முறையாக "வரைந்தவர்" என்ற வரியில் என் இனிஷியல் விழுந்த படம், அந்தக் கல்லின் படம்.

2. ரேட் புக்கில் ஒரு வரி

சேர்மனுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் மரக்கடை. வியாபாரமாகப் பெங்களூர் போனவர் அங்கே ஒரு பூங்காவில் ஏதோ சிலையைப் பார்த்துவிட்டு வந்தார். நம் ஊர் கேட் முனையிலும் கலைநயத்தோடு ஒன்று வைக்க வேண்டும் என்று கவுன்சிலில் தீர்மானம் போட்டார். அந்த முனைதான் எங்களுக்கு டவுன். சைக்கிள் கடை, டீக்கடை, பஸ் நிற்கும் இடம், எல்லாம் அங்கேதான். கவுன்சிலில் ஒருவரும் மறுக்கவில்லை. பணமும் இருந்தது.

மேலிடத்துக்குப் போன தீர்மானம் பத்தே நாளில் திரும்பி வந்தது. கலை என்று எங்கள் பட்ஜெட்டில் ஒரு தலைப்புக் கிடையாது, பொது உபயோகமுள்ள வேலைக்கு மட்டுமே செலவு செய்யலாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். மார்ச் முடிந்தால் அந்தப் பணம் லாப்ஸ் ஆகிவிடும்.

எங்கள் இன்ஜினியர் நாயர் சார் பாலக்காட்டுக்காரர். கோபமே வராத மனிதர். காகிதத்தை என் மேஜையில் வைத்தார். "எஸ்தரே, உபயோகமும் வேணும், பார்க்க அழகாவும் இருக்கணும். ரேட் புக்கை ஒண்ணு புரட்டிப் பாரு."

ரேட் புக் என்பது எந்த வேலைக்கு என்ன விலை என்று அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம். அதில் இல்லாத வேலையை அரசாங்கத்தில் செய்ய முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். மைல் கல்லுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் பின்னால் ஒரு வரி கிடந்தது. லோடு ரெஸ்ட், கருங்கல், ஒன்றுக்கு இவ்வளவு. இரண்டு தூண், மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் ஆள் துணை இல்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு.

நாயர் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க நாட்டில வழி நெடுக இது உண்டு. நல்ல வேலை."

எனக்கும் கேட் முனை ஞாபகம் வந்தது. கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கத்திலிருந்து கீரையும் முள்ளங்கியும் சுமந்துகொண்டு பெண்கள் விடிந்ததும் வருவார்கள். கேட் மூடிக் கிடக்கும். ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் போனால் எதிரில் இன்னொன்று வரும். கூடையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் இறக்காமலே, கழுத்து நரம்பு புடைக்க நிற்பார்கள். மூன்று வருடமாக ஆபீஸுக்கு வரும் வழியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், சாவகாசமாக.

ரேட் புக்கில் கல்லின் உயரம் ஐந்தரை அடி என்று போட்டிருந்தது. எவனோ ஆறடி ஆளை மனதில் வைத்து எழுதியிருக்கிறான். "சார், அங்கே சுமக்கிறவங்க பொம்பளைங்க" என்றேன். நாயர் சார் டேப்பை எடுத்து நீட்டினார். "அப்படீன்னா போய் அளந்துட்டு வா."

அப்படித்தான் முனியம்மாவைத் தெரிந்தது. கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் கீரை போடுகிறவள், நாற்பது வயது இருக்கும், அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கேட் மூடியிருக்கும்போது அவள் பக்கத்தில் போய் டேப்பை நிமிர்த்தினேன்.

"இன்னாத்துக்கும்மா என்னை அளக்குற? பொட்டி செய்யப் போறியா?"

"இல்லக்கா. உங்களுக்கு ஒரு வசதி பண்ணப் போறோம்."

சாங்ஷன் ஆகாத வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது ஆபீஸ் ரூல். அதனால் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஒன்பது பெண்களை அளந்தேன். முழங்காலை லேசாக மடக்கினால் கூடை தானாக நகர்ந்து கல்லில் உட்கார வேண்டும். அதற்கு உயரம் நாலடி ஒன்பது அங்குலம் என்று கணக்குப் போட்டேன்.

3. மொய்தீன் பாய் சொன்ன மாட்டேன்

அலங்காரத்துக்கு நான் முதலில் போட்ட படம் வேறு. இரண்டு தூணும் இரண்டு பெண்கள். அவர்கள் தலைமேல் பலகைக் கல். படம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு தரம் மசி போட்டேன்.

பல்லாவரத்துக் கல்தச்சர் மொய்தீன் பாய் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். எங்கள் ஆபீஸுக்கு மைல் கல், எல்லைக் கல் எல்லாம் அவர் கைவேலைதான். பிறகு படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"அழகா இருக்கும்மா. ஆனா உருவம் நான் செதுக்கறதில்ல. எங்க அத்தா காலத்துலேர்ந்து அம்மி, மைல் கல்லு, வாசக்கால், அவ்ளோதான். வேற ஆளப் பாத்துக்கங்க, கோச்சுக்க மாட்டேன்."

வேறு ஆளைத் தேட நாள் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "உருவம் இல்லாம என்ன பாய் செய்ய முடியும்?" என்று கேட்டேன்.

"துணி செய்வேன்."

"கல்லுலயா?"

"தலையில சுமைக்கு அடியில துணியைச் சுருட்டி வெக்கிறாங்கல்ல, சும்மாடு. தூணை மொழுக்குன்னு விட்டுட்டு, உச்சியில அத மட்டும் செய்யறேன். பாக்குறவன் மிச்சத்தைப் புரிஞ்சுப்பான்."

என் பெருமைக்கு ஒரு கொட்டு விழுந்தது. ஆனால் அவர் சொன்னது என் படத்தைவிட நல்ல படம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இரண்டு பெண்களையும் அழித்தேன். சும்மாட்டின் முறுக்கு எந்தப் பக்கம் போகும், முனையை எங்கே செருகுவார்கள் என்று கேட் முனைக்குப் போய் நின்று வரைந்து வந்தேன்.

பலகைக் கல்லின் முன்முகத்தில் இரண்டடி நீளத்துக்கு மழமழவென்று தேய்த்து ஒரு இடம் விடச் சொன்னது சேர்மன். "திறந்து வைத்தவர்" என்று அவர் பெயர் அங்கே வர வேண்டும். அதற்காக எஸ்டிமேட்டில் "எழுத்து வெட்டுதல், நாற்பது எழுத்து" என்று நானே ஒரு அயிட்டம் சேர்த்தேன். மைல் கல்லுக்கு உள்ள ரேட்தான். திறப்பு விழாவுக்கு நாள் பார்த்த பிறகு எழுத்தை வெட்டலாம் என்று விட்டிருந்தோம்.

ஐந்து வாரத்தில் கல் வந்து நின்றது. பாய் செய்திருந்த சும்மாட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து வைத்த மாதிரி இருந்தது, ஆனால் கருங்கல். என் அப்பாவைச் சேலையூரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்து காட்டினேன். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், லேசில் எதையும் புகழ மாட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லெவல் சரியா இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

4. யாருக்கு வைத்தது

மறுநாள் கேட் மூடியபோது தள்ளி நின்று பார்த்தேன். பெண்கள் வந்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். கூடையோடு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு வந்த ஒருத்தி சாலையின் அந்த ஓரத்துக்கே போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள்தான் சேர்மன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

அவர் வீட்டம்மா கேட் பக்கம் போனவர் கல்லைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதிருக்கிறார்.

"அது சுமைதாங்கின்னு ஏம்மா எனக்கு யாரும் சொல்லல?" என்றார் சேர்மன். "லோடு ரெஸ்ட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதி நீட்டுனீங்க, ஏதோ மேடைன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன். புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணுக்கு வைக்கிற கல்லும்மா அது. எம்பொண்ணு ஏழு மாசம். பிரசவத்துக்கு வந்து வீட்ல இருக்கா."

 நான் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது தெரியாது. நாயர் சார் ஊரில் லோடு ரெஸ்ட் வெறும் லோடு ரெஸ்ட்தான். ரேட் புக் எழுதியவனுக்கும் அது கல், உயரம், விலை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் மொய்தீன் பாய். ஓடிப்போய்க் கேட்டேன்.

"தெரியுமேம்மா. பேருக்கு எடம் விட்டிருந்தீங்க. செத்துப்போன பொண்ணு பேரு அப்புறமா வரும்னு இருந்தேன். யாருக்குன்னு கேக்கறது மரியாதை இல்ல."

இனி என்ன நடக்கும் என்று நாயர் சார் எனக்கு விளக்கினார். அடுத்த வாரம் ஆடிட். வேலை பொது உபயோகத்துக்கு என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறோம். ஒருவரும் உபயோகிக்கவில்லை என்று ஆடிட்டர் எழுதினால் செலவு முழுக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் தலையில் விழும். கல்லைப் பிடுங்கினால் இன்னும் மோசம். படம் போட்ட டெம்பரரி டிரேசரை வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. கடைசியை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் சம்பளத்தில்தான் தம்பி காலேஜ் போய்க்கொண்டிருந்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று வேலை போவதைவிட அந்தக் கல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு நாள் கொடுங்க சார்" என்று சேர்மனிடம் கேட்டுக்கொண்டு கேட் முனைக்குப் போனேன்.

முனியம்மா என்னைப் பார்த்ததும் விலகி நின்றாள். "நீதான வெச்ச? யாரும்மா போய்ச் சேந்தது? உங்க வூட்லயா?"

"யாரும் இல்லக்கா. நீங்க சுமை இறக்கத்தான்."

"செத்தவ இல்லாமயா கல்லு நடுவாங்க?" அவள் அந்த மழமழ இடத்தைக் காட்டினாள். "இங்க யாரு பேரு போடறதுக்கு வுட்டுக்கீற?"

"சேர்மன் பேரு."

முனியம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இன்னா, அவரு புள்ளத்தாச்சியா?"

பெண்களெல்லாம் கூடை குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கிவிட்டேன், நடுரோட்டில். டெம்பரரி வேலை, ஆடிட், தம்பி எல்லாவற்றையும் கொட்டினேன்.  கேட் திறந்தது, கூட்டம் போய்விட்டது, முனியம்மா மட்டும் கூடையோடு அங்கேயே நின்றாள்.

"எந்தங்கச்சி அஞ்சலை" என்றாள். "எட்டு மாசத்துல பூட்டா. பதினோரு வருசமாச்சு. கல்லு வெக்கிறேன் கல்லு வெக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்தான் அவ புருசன். அப்பால வேற ஒருத்தியக் கட்டிக்கினு பூட்டான். எங்களுக்கு ஏது துட்டு? அவ எறக்காம சுமந்துகினு போனது, வழில போறவங்க நாலு பேரு சுமை எறக்கினாத்தான் அவளுக்கு எறங்கும்பாங்க. பதினோரு வருசமா சுமந்துகினு கீறா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "பேரு இல்லாத கல்லுக்குத்தாம்மா பயம். எவளுக்கோன்னு அது காத்துக்கினு கீது. அஞ்சலைன்னு எழுதிடு. அப்பால பாரு."

அதை அப்படியே போய்ச் சேர்மனிடம் சொன்னேன். அவர் நேரே வீட்டுக்குப் போய் வீட்டம்மாவைக் கேட்டுவிட்டு வந்தார். "அந்தம்மா சொல்றது சரிதானாம். என் பேரு மட்டும் அந்தக் கல்லு கிட்டயே வரக்கூடாது." விழாவும் வேண்டாம் என்றார்.

பொதுச் சொத்தில் தனியாள் பெயர் போடலாமா என்று நாயர் சாரைக் கேட்டேன். அவர் எஸ்டிமேட்டை எடுத்து அந்த அயிட்டத்தை மெதுவாகப் படித்தார். "எழுத்து நாற்பதுன்னுதான் இருக்கு எஸ்தரே. யாரோட எழுத்துன்னு இல்லை."

எழுத்து உருவம் இல்லை அல்லவா, மொய்தீன் பாய் ஒரே காலையில் வெட்டி முடித்தார். அஞ்சலை. அப்போதெல்லாம் லையன்னாவுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. அந்தச் சுழியில் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முனியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். மஞ்சள் பூசினாள், கற்பூரம் காட்டினாள். பிறகு கீரைக்கூடையை மெல்லச் சரித்துப் பலகைக் கல்லில் வைத்தாள். வைத்துவிட்டுக் கல்லின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

5. ஆடிட்டர் பார்த்தது

ஆடிட்டர் ஒல்லியான மனிதர், சிரிக்கத் தெரியாதவர். பைலை மூடிவிட்டு, "ஸ்பாட்டைப் பார்க்கணும்" என்றார். காலை ஏழரைக்குக் கேட் முனையில் போய் நின்றோம். கேட் மூடியது. முனியம்மா வந்தாள், கூடையை வைத்தாள். அவள் பின்னால் ஒருத்தி. பலகையில் இடம் இல்லாமல், முதலில் வைத்தவள் எடுத்துக்கொண்டு அடுத்தவளுக்கு இடம் விட்டாள். அந்த வயிற்றுப் பிள்ளைக்காரியும் வந்தாள். கூடையை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நிமிர்ந்தாள்.

மூன்று டிரெயின் போகும்வரை ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப் வைத்து உயரத்தை அளந்தார். "ரேட் புக்ல அஞ்சரை. இங்க நாலு ஒம்பது. யார் குறைச்சது?"

"நான்தான் சார். சுமக்கிறவங்களை அளந்து போட்டேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சும்மாட்டை விரலால் தடவினார். "இந்த வேலைக்குத் தனி ரேட் போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். தூண் ரேட்தான்."

அவர் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். வேலை உபயோகத்தில் உள்ளது. எழுத்து, எஸ்டிமேட்படி நாற்பது, செய்தது நான்கு. நான்குக்கு மட்டுமே பட்டுவாடா, சரி. ஆட்சேபணை இல்லை.

சித்திரையில் சேர்மன் மகளுக்குச் சுகப்பிரசவம். எல்லாம் நம்ம கல்லின் ராசி என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வேலை பெர்மனன்ட் ஆனது. அந்தப் படத்துக்கு வேறு இரண்டு ஊர் ஆபீஸ்களிலிருந்து பிரிண்ட் கேட்டு எழுதினார்கள். அனுப்பும்போது நான் ஒரு சிறு துண்டுத்தாள் இணைத்தேன்: பெயருக்கு விட்ட இடத்தை, அந்த ஊரில் சுமக்கிறவர்களைக் கேட்டு நிரப்பவும்.

6. மறுபடி டேப்

எழுபதுகளின் பின்பாதியில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். சைக்கிள் கடை போனது, டீக்கடை போனது, எங்கள் ஆபீஸ் கட்டிய பஸ் நிழற்குடையும் போனது. கல்லுக்கு நேராகவும், இடிப்பதற்கென்று, சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். நான் அப்போது டிராஃப்ட்ஸ்மேன். பைலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் முனியம்மாவும் இருபது பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள்.

தேவையே இருக்கவில்லை. கான்ட்ராக்டரின் ஆட்கள் சேலம் பக்கத்துக்காரர்கள், கல்லில் இருந்த பெயரைப் படித்ததும் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டார்கள். "பேர் இருக்குதுங்க. இடிக்க மாட்டோம். வேணும்னா நவுத்தி வெக்கிறோம்" என்றார் மேஸ்திரி. தேங்காய் உடைத்து, முழுசாகத் தோண்டி எடுத்து, பன்னிரண்டடி தள்ளி நட்டார்கள்.

இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பொது ஜனத்துக்கு என்று ஒன்று செய்யும்போது பணத்துக்கு ஒரு தலைப்பைக் கண்டுபிடித்துவிடலாம். ரேட் புக்கைப் பொறுமையாகப் புரட்டினால் போதும். அந்தப் பொருளை அங்கே இருக்கிறவர்கள் என்னவென்று நினைக்கிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. டேப்போடு போனபோதே நான் வாயையும் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்தேன், பிழைத்துப் போனேன், என்னைப் பிழைக்க வைத்தவள் முனியம்மா.

அன்று கல்லை நட்டுக் குழியை மூடப் போகிற நேரத்தில் எனக்குக் கண் உறுத்தியது. டேப்பை வைத்தேன். நாலு ஏழு.

"ரெண்டு அங்குலம் இறங்கிடுச்சு. தூக்கி நடுங்க" என்றேன்.

"ரெண்டு அங்குலந்தானுங்கம்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேஸ்திரி.

முனியம்மா கூடையோடு வந்து கல்லருகே நின்று, முழங்காலை மடக்கிக் காட்டினாள். இரண்டு அங்குலம் அதிகம் குனிய வேண்டியிருந்தது. அந்த வயதில் அது அவளுக்கு வலித்தது, எல்லோருக்கும் தெரிந்தது. மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டார். கல்லை மறுபடி தூக்கி, அடியில் சல்லி கொட்டி இடித்துக் கெட்டியாக்கி, நிறுத்தினார்கள்.

நாலடி ஒன்பது. முனியம்மா கூடையை வைத்துவிட்டு, தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சரியாக் கீது" என்றாள்.